தீட்டத் தீட்ட வெளுத்த அரிசி

பச்சரிசி மணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனை சீராக முடிகிறது. மறுமுனையின் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் தெரியும். எந்த மணியை எடுத்தாலும் அதே இடத்தில் அதே பள்ளம். நெல்லின் முளை அங்கேதான் இருந்தது. நிலத்தில் விழுந்திருந்தால் வேராகவும் தளிராகவும் நீண்டிருக்க வேண்டிய பகுதி அது. முளைக்கும் மாவுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய திசு, எடைக்கணக்கில் அரிசியின் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் மணி முழுவதிலும் உள்ள தயமின் என்னும் வைட்டமின் பி1இல் கிட்டத்தட்டப் பாதி அந்தத் திசுவுக்குள் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி அரிசியைப் போர்த்தியிருக்கும் தவிட்டுப் படலத்தில். நடுவில் உள்ள வெள்ளை மாவுக்கு வந்து சேர்ந்தது மிகக் கொஞ்சம்.

முளையையும் தவிட்டையும் அரிசியிலிருந்து பிரித்தெடுத்தது எது? கத்தி இல்லை, அமிலம் இல்லை. உரசல்தான். உராய்வு விசை.

பள்ளிக்கூடத்தில் உராய்வு ஒரு பாடம், ஊட்டச்சத்து இன்னொரு பாடம். உராய்வு என்றால் சாய்தளத்தில் நிற்கும் மரக்கட்டை, தேயும் டயர், எண்ணெய் விட்ட அச்சு. ஊட்டச்சத்து என்றால் ஓர் அட்டவணை: இந்தப் பக்கம் வைட்டமின், அந்தப் பக்கம் குறைபாட்டு நோய். பி1 என்ற வரிக்கு எதிரே பெரிபெரி என்று எழுதி, அதை மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இந்த இரண்டு பாடங்களும் ஒரு நெல்மணியின் மேல் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில் ஆசியா முழுவதும் லட்சக்கணக்கான உயிர்கள் போயிருக்கின்றன. அதைச் சொல்லாமல் அந்த அட்டவணையைப் பிள்ளைகளிடம் கொடுப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதலில் நெல். அதன் உமி இரண்டு துண்டுகளால் ஆனது. இரண்டின் விளிம்புகளும் கொக்கி மாட்டியதைப் போல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அரிசியை மூடியிருக்கின்றன. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். நெற்பயிர் வேர் வழியாக மண்ணிலிருந்து அதை உறிஞ்சி, தன் மணியின் தோலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நெல்லைக் கையில் அள்ளினால் சொரசொரப்பாக இருப்பதும், களத்தில் நெல் தூற்றியவர்களின் கழுத்தில் சுணை அரிப்பதும் இந்தக் கரடுமுரடான உமியால்தான். கொட்டிய நெல் தரையில் பரவி ஓடாமல் அம்பாரமாக நிற்பதும் உராய்வின் வேலையே. தரையோடு ஏறத்தாழ 35 பாகைச் சாய்வு வரைக்கும் மணியை மணி பிடித்து நிறுத்தும். அதைத் தாண்டினால் சரியும்.

உராய்வின் விதிகளில் ஒன்று எளியது. பரப்புகளை ஒன்றோடொன்று எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு உராய்வு கூடும். இன்னொன்று நம்பச் சிரமமானது. தொடும் பரப்பு அகலமானாலும் குறுகலானாலும் உராய்வு ஏறக்குறைய அதேதான். கியோம் அமோன்டன் 1699இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இவற்றை எடுத்துச் சொன்னார். மின்னூட்ட விதிக்குத் தன் பெயரைத் தந்த கூலூம், 1785இல் விரிவான சோதனைகளோடு இதே முடிவுகளை உறுதிசெய்தார். இரண்டாவது விதிக்குக் காரணம் விளங்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் கண்டது இதுதான்: எவ்வளவு மழமழப்பான பரப்பும் நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. இரண்டு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை உண்மையில் தொட்டுக்கொள்வது சில மேடுகளின் உச்சிகளில் மட்டுமே. அழுத்தினால் உச்சிகள் நசுங்கி, தொடும் இடங்கள் பெருகும், உராய்வும் அதற்கேற்பப் பெருகும். அந்தத் தொடு இடங்களில் பரப்பு கிழியும், பெயரும், பொடியாகும். தேய்மானம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உரலில் நெல் குத்துவதைப் பாருங்கள். பூண் கட்டிய உலக்கை மேலிருந்து விழுகிறது. அடிதான் உமியை உடைக்கிறது என்று தோன்றும். அடி மட்டும் வேலை செய்தால் நெல் எல்லாம் நொய்யாகிவிடும். உலக்கை இறங்கும் இடத்தில் இருக்கும் நெல் கீழேயும் பக்கவாட்டிலும் தள்ளப்பட்டு, சுற்றியுள்ள நெல்லோடு உரசிக்கொண்டு நகர்கிறது. ஒவ்வொரு குத்துக்கும் ஆயிரக்கணக்கான மணிகள் ஒன்றையொன்று தேய்க்கின்றன. உமியின் பிடி விடுகிறது. உரலில் நெல் போதிய அளவு இருந்தால்தான் இது நடக்கும், குறைவாக இருந்தால் உலக்கையின் முழு அடியும் மணிமேல் விழுந்து உடைத்துவிடும். குத்தி, முறத்தில் இட்டுப் புடைத்து, உமியைப் போக்கிய பிறகு மறுபடி உரலில் போட்டுக் குத்துவது தீட்டல். இப்போது அரிசியும் அரிசியும் உரசும். தவிடு பொடியாகிப் பிரியும். ஆனால் எல்லாத் தவிடும் போகாது. வரிப்பள்ளங்களில் ஒட்டியது தங்கும், சில மணிகளில் முளையும் தங்கும். கைக்குத்தல் அரிசியின் பழுப்பும் அதன் சத்தும் இந்த அரைகுறைத் தேய்ப்பின் விளைவு.

வறுத்த வேர்க்கடலையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, கொஞ்சம் அழுத்திக் கசக்கினால் சிவந்த தோல் உரிந்து பறக்கிறதே, அரிசி ஆலையில் நடப்பதன் சாரமும் அதுதான். இயந்திரம் அதை விடாமலும் ஒரே சீராகவும் செய்கிறது. 1880களில் பிரேசிலில் எங்கெல்பர்க் என்பவர் உருவாக்கிய ஹல்லர், பிறகு ஆசியாவின் கிராமங்கள் எங்கும் பரவியது. உருளைக் கூட்டுக்குள் வரி வெட்டிய இரும்புத் தண்டு சுழலும். உள்ளே கொட்டிய நெல் நெருக்கித் தள்ளப்பட்டு, ஒன்றோடொன்று உரசி, உமியும் தவிடும் ஒரே ஓட்டத்தில் கழன்றுவிடும். அது அரிசியை நிறைய உடைத்தும் விடும். இன்றைய ஆலைகளில் வேலை பிரிந்திருக்கிறது. உமி எடுக்க இரண்டு ரப்பர் உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒன்றைவிட மற்றொன்று ஏறக்குறைய கால் பங்கு வேகம் கூடுதல். நடுவே சிக்கும் நெல்லின் ஒரு பக்கத்தை ஓர் உருளை முன்னே இழுக்க, மறுபக்கத்தை மற்றது பின்தங்க வைக்க, உமி இரண்டாகப் பிளந்து நழுவுகிறது. ரப்பருக்கும் சொரசொரப்பான உமிக்கும் இடையே உராய்வு மிகுதி என்பதால்தான் இது சாத்தியம்.

அடுத்து வருவது தீட்டும் இயந்திரம். கரடான கல்லில் அரிசியைத் தேய்ப்பது ஒரு வகை. அரிசியை அரிசியோடே தேய்ப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. அரிசி வெளியேறும் வாயில் ஒரு தகடு, அந்தத் தகட்டை அழுத்த ஒரு நெம்புகோல், நெம்புகோலில் நகர்த்தக்கூடிய ஒரு எடைக்கல். கல்லை வெளிப்பக்கம் தள்ளினால் வாயில் தடை கூடும். உள்ளே அரிசி இறுகும். மணிகளுக்கு இடையே அழுத்தம் ஏறும், உராய்வு ஏறும், அரிசி இன்னும் வெளுக்கும். உள்பக்கம் நகர்த்தினால் தவிடு மிச்சப்படும். அமோன்டன் பாரிஸில் சொன்ன முதல் விதியை ஆலைக்காரர் ஒற்றைக் கையால் இயக்குகிறார். அந்தக் கல்லின் இடத்தைப் பொறுத்து, வெளியே வரும் அரிசியில் எவ்வளவு தயமின் மிஞ்சும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

வெள்ளை அரிசியை விரும்பியதற்காக யாரையும் குறை சொல்ல நான் தயாரில்லை. அது சீக்கிரம் வேகும், மெத்தென்று இருக்கும், முக்கியமாகக் கெடாது. தவிட்டில் ஐந்தில் ஒரு பங்குவரை எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயைச் சிதைக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் அதே தவிட்டில் இருக்கிறது. முழு மணியில் இரண்டும் தனித்தனி அறைகளில் இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை. உரசல் அந்த அறைச்சுவர்களை உடைத்ததும் நொதியும் எண்ணெயும் கலக்கின்றன. சில நாட்களிலேயே காறல் வாடை எழத் தொடங்கும். அன்றன்று குத்திச் சமைத்த வீட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கப்பலில் ஏற்றி மாதக்கணக்கில் கிடங்கில் வைத்துப் பட்டாளத்துக்கும் சிறைக்கும் சுரங்கத்துக்கும் சோறு போட வேண்டுமானால், தவிடு அறவே இல்லாத அரிசிதான் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவி ஆலைகள் அதைத் தந்தன.

கூடவே பெரிபெரி நோயும் பரவியது. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு பாதத்தைத் தூக்கி வைக்க முடியாது. சிலருக்கு உடம்பு மெலிந்து நரம்பு செயலிழக்கும். சிலருக்குக் கால்கள் நீர் கோத்து வீங்கி, மூச்சிரைத்து, இதயம் திடீரென்று நின்றுவிடும். குறைபாடுள்ள தாயின் பாலைக் குடித்த கைக்குழந்தைகள், நன்றாக இருப்பதுபோல் தோன்றி, சில மணி நேரத்தில் இறந்துபோனார்கள். ஜப்பானில் இதற்கு எடோ நோய் என்றே பெயர் இருந்தது. வெள்ளைச் சோறு தாராளமாகக் கிடைத்த தலைநகர் எடோவுக்கு வந்தவர்களுக்குக் காணும், சொந்த ஊர் திரும்பினால் குணமாகும்.

ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ உணவின்மேல் சந்தேகப்பட்டார். ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலின் நெடும்பயணத்தில் 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்து 25 பேர் இறந்திருந்தார்கள். 1884இல் ட்சுகுபா என்ற கப்பலை ஏறத்தாழ அதே வழியில் அனுப்பினார், இறைச்சியும் ரொட்டியும் பாலும் சேர்த்த சாப்பாட்டோடு. ஒருவர்கூட இறக்கவில்லை. புரதம் குறைந்ததே காரணம் என்று அவர் எண்ணியது தவறு. ஆனாலும் கடற்படையில் நோய் ஒழிந்தது. தரைப்படையின் மருத்துவ மேலிடம், பின்னாளில் பெரும் எழுத்தாளராகக் கொண்டாடப்பட்ட மோரி ஓகாய் உட்பட, இதை ஏற்கவில்லை. நோய் என்றால் கிருமி என்பதே அந்தக் காலத்தின் புதிய அறிவு. 1904–05இல் ரஷ்யாவோடு நடந்த போரில் ஜப்பானியத் தரைப்படை வீரர்கள் ஏறத்தாழ 27,000 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். தகாகியின் கப்பல் திரும்பி வந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிருமி என்ற நம்பிக்கையோடுதான் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மானும் 1886இல் ஜாவாவுக்குப் போனார். பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ராணுவ மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் கோழிகளுக்கு நோயைத் தொற்றவைக்க முயன்றார். ஊசி போட்ட கோழிகள் தள்ளாடி விழுந்தன. ஊசி போடாதவையும் விழுந்தன. தனியே பிரித்து வைத்தவையும் விழுந்தன. பிறகு எந்தச் சிகிச்சையும் இல்லாமல் எல்லாம் தேறிவிட்டன. எய்க்மான் தீவனத்தை விசாரித்தார். சிக்கனத்துக்காக மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருக்கிறார்கள். இடையில் புதிய சமையல்காரர் வந்தார். ராணுவத்தின் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தவிடு நீக்காத அரிசிக்குத் திரும்பின. அவை பிழைத்தது அதனால்தான். பெயர்கூடப் பதிவாகாத அந்தச் சமையல்காரர் விதியை வளைக்க மறுத்ததால் மருத்துவத்தில் ஒரு கதவு திறந்தது.

கோழிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா? எய்க்மானின் நண்பர், ஜாவாவின் சுகாதார ஆய்வாளர் அடோல்ஃப் வோர்டர்மன், சிறைச்சாலைகளை எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு பகுதியிலும் அந்தந்த ஊர் வழக்கப்படி அரிசி சமைத்தார்கள். 101 சிறைகள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைதிகள். தவிட்டோடு கூடிய அரிசி போட்ட சிறைகளில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி. நன்றாகத் தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்கு. கட்டடத்தின் வயது, காற்றோட்டம், நெரிசல் என்று வேறு காரணங்களையும் அவர் அலசினார். எதுவும் பொருந்தவில்லை.

இவ்வளவு கையில் இருந்தும் எய்க்மான் கொடுத்த விளக்கம் தலைகீழாக இருந்தது. மாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்றார். உடல்நலம் குன்றி அவர் ஊர் திரும்பியபின் வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901இல் சரியாகச் சொன்னார்: நஞ்சு எதுவும் இல்லை, உடம்புக்கு அவசியமான ஏதோ ஒன்று வெள்ளை அரிசியில் இல்லாமல் போகிறது. இல்லாத ஒன்று நோயைத் தரும் என்பது அன்றைய மருத்துவம் எளிதில் ஜீரணிக்க முடியாத கருத்து. 1929இல் நோபல் பரிசு எய்க்மானுக்கும் ஆங்கிலேயர் ஹாப்கின்ஸுக்கும் போனது. கிரைன்ஸுக்குப் பங்கு தராதது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

இதே ஆண்டுகளில் மலாயாவில் இன்னொரு தடயம் கிடைத்தது. அதில் தமிழர்கள் இருக்கிறார்கள். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களையும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொடுமையாகக் கொன்றன, கூலியும் குடிசையும் சீனர்களுடையதைவிட மேலானவை அல்ல. இருந்தும் பெரிபெரி அவர்களை அதிகம் தொடவில்லை. சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. பழைய பச்சரிசியில் பூஞ்சை நஞ்சு சேர்கிறது என்று 1907இல் பிராடன் எழுதியது பிசகு, ஆனால் நோயை அரிசியோடு கட்டிப்போட்டதில் அவர் பிசகவில்லை.

அதை நேரடியாகச் சோதித்தவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்த மருத்துவர் வில்லியம் பிளெட்சர். 1905இல் உள்நோயாளிகளை வரிசையில் நிற்கவைத்து ஒன்றுவிட்டு ஒருவராகப் பிரித்தார். ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, மறுபாதிக்கு இந்தியப் புழுங்கலரிசி, மற்ற உணவெல்லாம் ஒன்றே. பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் நோய் அநேகமாக எழவே இல்லை. தங்கள் சம்மதத்தைச் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள் மேல் நடந்த சோதனை அது. அந்த 18 பேரை நினைக்காமல் இந்த முடிவை எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னர் பிரேசரும் ஸ்டான்டனும், காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்கள் 300 பேரிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் பச்சரிசியின் பின்னாலேயே போனது.

புழுங்கலரிசியும் ஆலையில் தீட்டிய அரிசிதானே? அதுவும் வெளுப்பாக வந்ததுதானே? அது ஏன் காப்பாற்றியது? பதில் நெல் அவிக்கும் அண்டாவில் இருக்கிறது. நெல்லை நீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு ஆவியில் அவிக்கிறார்கள். பிறகு களத்தில் பரப்பிக் காலால் கிளறிக் கிளறிக் காயவைக்கிறார்கள். தயமின் நீரில் கரையும். ஊறும்போதும் அவியும்போதும் உள்ளே போகும் நீர், தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினில் ஒரு பகுதியைக் கரைத்து மாவுப் பகுதிக்குள் கொண்டுபோகிறது. வெப்பத்தில் மாவுச்சத்து இளகிப் பசையாகி, ஆறியதும் இறுகுகிறது. உள்ளே வந்த தயமின் அங்கேயே தங்கிவிடுகிறது. முளையை ஒட்டிய திசுவும் தவிட்டின் அடிப்படலமும்கூட அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கின்றன. இனி எவ்வளவு உரசினாலும் வெளியே இருப்பதுதான் போகும்.

உராய்வின் கணக்கும் இங்கே மாறிவிடுகிறது. பச்சை நெல்லில் மாவுத் துகள்களுக்கு நடுவே நுண்ணிய விரிசல்கள் இருக்கும், தீட்டும் அழுத்தத்தில் மணி அங்கே உடையும். அவித்த நெல்லில் பசை அந்த விரிசல்களை அடைத்துவிடுவதால் மணி கண்ணாடி மாதிரி இறுகி, உடையாமல் தாங்கும். அவியும்போது அரிசி உப்பி, உமியின் கொக்கி விளிம்புகள் முன்பே விட்டுவிடுகின்றன, அதனால் உமி எடுக்கக் குறைந்த உராய்வே போதும். தவிட்டின் லைப்பேஸும் வெப்பத்தில் செயலிழந்துவிடுவதால் காறல் வருவதும் தள்ளிப்போகும். நொய் குறைய வேண்டும், குத்துவது எளிதாக வேண்டும் என்று நெல் அவித்தவர்கள் நினைத்திருக்கலாம். தயமினைப் பற்றி அவர்கள் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. கையோடு கிடைத்த அந்தப் பலன் பல தலைமுறைகளின் நரம்பையும் இதயத்தையும் காத்தது.

இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை அன்றைய சென்னை மாகாணத்துக்குள்ளேயே பார்க்க முடிந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து பின்னர் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. குன்னூரில் பிறகு இயக்குநராக இருந்த எய்க்ராய்டும் அவருடைய சகாக்களும் மாகாணத்தின் அரிசியை 1930களில் ஊர் ஊராக ஆராய்ந்தார்கள். வடக்கே, இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் ஆலையில் தீட்டிய பச்சரிசியே அன்றாட உணவு, அங்கே பெரிபெரி நிலையாக இருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களிலும் ஏழைகள் சோற்றையே நம்பி வாழ்ந்தார்கள். அங்கே சோறு புழுங்கல் சோறு. நோய் அரிது.

எண்களில் பார்ப்போம். உமி மட்டும் நீக்கிய அரிசி 100 கிராமில் தயமின் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிகிராம். நன்கு தீட்டிய பச்சரிசியில் 0.05 முதல் 0.08. தீட்டிய புழுங்கலரிசியில் 0.2ஐ ஒட்டி. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 1.2 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் தூளை விரல்நுனியில் வைத்தால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் கிராமில் அளக்கிறோம், வைட்டமின்களைக் கிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கிறோம். பாடநூல் இவற்றை நுண்ணூட்டச் சத்து என்கிறது.

இத்தனை சிறிய அளவு ஏன் உயிரைத் தீர்மானிக்கிறது? சோற்றின் மாவுச்சத்து குளுக்கோஸாகிச் செல்லுக்குள் போய், பைருவேட் என்ற நிலைக்கு வருகிறது. அதற்குமேல் எரிந்து ஆற்றல் தர வேண்டுமானால் ஒரு நொதி வேண்டும், அந்த நொதிக்குத் துணையாகத் தயமின் வேண்டும். தயமின் அந்த வேலையில் தீர்ந்துபோவதில்லை, திரும்பத் திரும்பப் பயன்படும், அதனால்தான் கொஞ்சம் போதும். ஆனால் அந்தக் கொஞ்சமும் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். ஓயாமல் ஆற்றல் கேட்கும் உறுப்புகளான நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன. உடம்பின் கையிருப்பு சுமார் 30 மில்லிகிராம்தான், சில வாரங்களில் தீர்ந்துவிடும். வெள்ளைச் சோற்றை அதிகம் உண்ண உண்ணத் தயமின் தேவையும் ஏறுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட சிப்பாய்கள் இறந்ததன் புதிர் இங்கேதான் அவிழ்கிறது.

அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்கும்படி பிரித்தெடுத்தவர்கள் எய்க்மானின் அதே பட்டாவியா ஆய்வுக்கூடத்தில் வேலைசெய்த யான்சனும் டோனாத்தும். 1926இல், ஏறத்தாழ 300 கிலோ தவிட்டிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது 100 மில்லிகிராம் படிகம். அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்து 1936இல் செயற்கையாகச் செய்துகாட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், பாதிரி பெற்றோருக்கு 1886இல் நெல்லூரில் பிறந்தவர். இளைஞராகப் பிலிப்பைன்ஸில் வேலைக்குப் போனபோது எட்வர்ட் வெடர் என்ற ராணுவ மருத்துவர் அவரிடம் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து, இதில் குணப்படுத்துவது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அந்தச் சாற்றின் சில துளிகளில் சாகக்கிடந்த கைக்குழந்தை மீண்டதைப் பார்த்தவர், பிறகு அமெரிக்காவில் தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, சொந்த முயற்சியில் ஒரு கால்நூற்றாண்டு அந்தக் கேள்வியைத் துரத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிலிப்பைன்ஸின் பத்தான் மாகாணத்தில் தயமின் சேர்த்த அரிசி விநியோகிக்கப்பட்டது. அங்கே பெரிபெரி மரணங்கள் மளமளவென்று குறைந்தன.

இன்று நம் தட்டில் பருப்பும் உளுந்தும் காய்கறியும் முட்டையும் சேர்ந்திருப்பதால் பெரிபெரி அரிதாகிவிட்டது. வேர்க்கடலை 100 கிராமில் அரை மில்லிகிராமுக்கு மேல் தயமின் இருக்கிறது. இட்லிக்கு நாம் போடுவதே புழுங்கலரிசியும் உளுந்தும். தவிட்டு எண்ணெய் ஆலைகள், லைப்பேஸ் முந்திக்கொள்ளும் முன் தவிட்டைப் பக்குவப்படுத்தி எண்ணெய் பிழிய விரைகின்றன. ஆலையில் இழந்தது போக, சமையலறையிலும் ஓர் இழப்பு இருக்கிறது. தீட்டிய பச்சரிசியைத் தேய்த்துத் தேய்த்து நாலைந்து முறை களைந்தால், மிஞ்சியிருக்கும் தயமினில் பாதிவரை கழுநீரோடு போய்விடும். மாட்டுக்கு நல்லது, நமக்கு நட்டம். புழுங்கலரிசியில் அது உள்ளே இறுகியிருப்பதால் இழப்பு குறைவு. சோற்றை வடித்தால் இன்னொரு பங்கு கஞ்சியில் இறங்கும். அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த வீடுகளில் அது வயிற்றுக்கே வந்து சேர்ந்தது. அரிசியை அழுத்தித் தேய்க்காமல் ஒன்றிரண்டு முறை அலசி, அளந்த தண்ணீரில் வேகவைத்தால், கரைந்தது சோற்றிலேயே வற்றிவிடும். சூட்டில் அழியும் சிறு பங்கு மட்டுமே போகும்.